இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை

மாரியம்மன் துணை

காப்பார்,
12.3.1989

பாசமுள்ள தங்கை சந்திரகலாவுக்கு அக்கா நல்லம்மாள் எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் மாமாவும் சுகம். பிரிக்பீல்ட்ஸில் நீயும் மாப்பிள்ளை வாசுவும் சுகந்தானே? என் கைக்கட்டு அவிழ்த்தாயிற்று. மணிக்கட்டு கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் கரண்டி பிடிக்க வருகிறது. கோயில் பின்பக்கம் வழுக்கி உட்கார்ந்ததற்கே எலும்பு முறியுமா என்று ஊரே கேட்கிறது. உங்கள் கிளினிக் டாக்டரம்மா குணபூசணி எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, 'இது அறுபது வயசுக்காரி எலும்பு மாதிரி இருக்கு' என்றார்களே, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்திரண்டு வயதுக்காரிக்கு அது என்ன பெருமையா?

இப்போது சங்கதிக்கு வருகிறேன். இதைக் கடைப் போனில் பேச முடியாது. கடைக்கார நாகையா சீனி நிறுப்பதை விட்டுவிட்டுக் காதை நீட்டிக்கொண்டு நிற்பார். அதனால்தான் கடிதம்.

எனக்கு முப்பத்தேழு வயதிலேயே மாதவிலக்கு நின்றுபோனது உனக்குத் தெரியும். கை முறிந்த பிறகு டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டு வந்தேன். போன வெள்ளிக்கிழமை கோயிலில் பொங்கல் பானை கொதித்துக்கொண்டிருக்கிறது, எனக்கு வந்துவிட்டது. அம்மன் சமையலில் நின்றுகொண்டிருக்கிறவளுக்கு வரலாமா? கரண்டியைப் பவுனம்மாள் கையில் கொடுத்து, 'தலை சுத்துது' என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவள் போட்ட உப்பில் உன் மாமா ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்தார்.

நின்றதைத் திரும்பக் கூப்பிடுகிற மருந்து எனக்கு எதற்கு? டாக்டரம்மாவிடம் கேட்டு வேறு ஏதாவது வாங்கி அனுப்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்பு அக்கா,
நல்லம்மாள்

பிரிக்பீல்ட்ஸ்,
20.3.1989

அன்புள்ள அக்காவுக்கு,

கை தேறி வருவது அறிந்து நிம்மதி. மாமாவுக்கு லோரி ஓட்டி ஓட்டி இடுப்பு வலி என்றாயே, இப்போது எப்படி? இங்கே நாங்கள் நலம்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். மாத்திரையை நிறுத்தவே கூடாது என்கிறார். பெண் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்று ஒரு சுரப்பு உண்டு. மாதாமாதம் வருவது அதன் ஒரு வேலைதான். எலும்பில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தைக் கரைய விடாமல் பிடித்து வைப்பதும் அதுதான். ஐம்பது வயது வாக்கில் எல்லாப் பெண்களுக்கும் அது குறையும், எலும்பும் அப்போதுதான் வேகமாகக் கரையத் தொடங்கும். உனக்கு அது பதின்மூன்று வருஷம் முன்னாலேயே தொடங்கிவிட்டது. அந்தப் பதின்மூன்று வருஷத்தைத்தான் மாத்திரை ஈடு கட்டுகிறது. சுரப்பு போல மாத்திரையும் இரண்டு வேலையும் செய்யும். ஒன்று வேண்டும் ஒன்று வேண்டாம் என்று பாசாரில் கீரை பொறுக்குவது மாதிரி பொறுக்க முடியாது.

இதயத்துக்கும் அந்தச் சுரப்பு காவல் என்கிறார்கள். டாக்டரம்மா நிதானமானவர். 'எலும்பு விஷயம் நிச்சயம், இதய விஷயம் இன்னும் முழுசாத் தெரியேல்லை' என்றுதான் சொன்னார். ஆனால் நம் அம்மாவை நினைத்துப் பார். ஐம்பது வயதில் முதுகு வளைந்து தரையைப் பார்த்து நடந்தார். ஐம்பத்து நாலில் மாரடைப்பு. அம்மாவுக்கு எந்த வயதில் நின்றது? உனக்குத் தெரிந்திருக்கும், எழுது.

மாத்திரையைப் போடு, அக்கா. கோயில் எங்கும் போய்விடாது.

அன்புத் தங்கை,
சந்திரகலா

மாரியம்மன் துணை

காப்பார்,
16.4.1989

அன்புத் தங்கைக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கு சுகம். உன் மாமாவுக்கு இடுப்பு தேவலை, வாய்தான் குறையவில்லை. சித்திரைப் பிறப்புக்கு நீங்கள் வருவீர்கள் என்று பலாக்காய் வாங்கி வைத்தேன், வரவில்லை. நர்ஸ் வேலைக்கு நாள் கிழமை ஏது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மாத்திரை டப்பா அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. கவலைப்படாதே.

கோயில் எங்கும் போகாது என்று சுலபமாக எழுதிவிட்டாய். எனக்குப் பிள்ளை இல்லை. வளைகாப்புக்குப் போனால் வளையல் போடுகிறவர்கள் வரிசையில் என்னைத் தாண்டித்தான் தட்டு போகும். நீ சின்னப் பெண், இதெல்லாம் உன் கண்ணில் பட்டிருக்காது. நின்றுபோன பிறகுதான் கோயில் தலைவர் தம்புசாமி வீடு தேடி வந்து, 'உங்களுக்குத்தான் இனிமே ஒதுங்குற நாளே இல்லையே, திருவிழாச் சமையல நீங்களே பாருங்கம்மா' என்றார். பத்து நாள் திருவிழாவில் அம்மன் படையலை நடுவில் கைமாற்றாமல் ஒருத்தியே செய்ய வேண்டும், அது எங்கள் கோயில் வழக்கம். எங்கள் கம்பத்து ஊர்ச் சனத்தில் என்னை விட மூத்தவர்கள் இருக்க என்னைக் கேட்டார். முதல் முதலாக இந்த உடம்பு எதற்கோ ஆகும் என்று நினைத்தேன். அதை எப்படி விடுவேன், சொல்.

அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயதில் நின்றது. நீ அப்போது நாலாம் வகுப்பு. இத்தனை நாள் கழித்து அது எதற்கு உனக்கு?

உன் அக்கா,
நல்லம்மாள்

பிரிக்பீல்ட்ஸ்,
5.6.1989

அன்புள்ள அக்கா,

நலம். நலம் அறிய ஆவல். பதில் போடத் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. சுங்கை வேயிலிருந்து என் மாமியார் வந்து தங்கியிருக்கிறார். அங்கே வீட்டுக்குக் கூரை மாற்றுகிறார்கள். முடிய நாலைந்து மாதம் ஆகும் போலிருக்கிறது.

டப்பா பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மாத்திரை போடுகிறேன் என்று எழுதவில்லை. நான் உன் வீட்டில், உன் கையால் சோறு தின்று வளர்ந்தவள், என்னிடமே மழுப்பாதே.

வளைகாப்புத் தட்டை நான் பார்த்திருக்கிறேன், அக்கா. எல்லாம் கண்ணில் பட்டுத்தான் இருக்கிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். உனக்கு நிற்பதற்கு முன் எப்படி இருந்தது? திடீரென்று நின்றதா, இரண்டு மூன்று மாதம் விட்டு விட்டு வந்ததா? ராத்திரியில் வியர்த்ததா? காரணமில்லாமல் அழுகை வந்ததா? விவரமாக எழுது. டாக்டரம்மாவுக்குத் தேவைப்படும். கிளினிக் விலாசத்துக்கே எழுது, வீட்டுக்கு வேண்டாம்.

அன்புடன்,
சந்திரா

மாரியம்மன் துணை

காப்பார்,
18.6.1989

அன்புத் தங்கை சந்திராவுக்கு, ஆண்டவன் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

கேட்டதற்குப் பதில். ஒரு வருஷம் விட்டு விட்டு வந்தது. ராத்திரி பாய் நனைகிற மாதிரி வியர்க்கும், உன் மாமா விசிறிக்கொண்டே தூங்கிப் போவார். அழுகையும் வந்தது. ஒரு நாள் மீன் கருகியதற்கு உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேன். டாக்டரம்மாவுக்கு மீன் கதையெல்லாம் வேண்டுமா என்ன?

நீ ரொம்பத்தான் துருவுகிறாய். போடுகிறேன், போடுகிறேன் என்று பத்து தரம் எழுதினால் நம்புவாயா? என் எலும்பை விட்டுவிட்டு உன் உடம்பைப் பார். போன தடவை பார்த்தபோது கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

அக்கா,
நல்லம்மாள்

மாரியம்மன் துணை

காப்பார்,
24.9.1989

என் கண்ணே சந்திரா,

கள்ளி. பெற்றவள் மாதிரி வளர்த்தவளிடம் மறைத்துவிட்டாயே. நேற்றுப் புரட்டாசி சனிக்கிழமை என்று கிள்ளான் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தேன். அங்கே உன் மாமியார் சீதாலெட்சுமி அம்மா என்னைத் தூண் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போய்க் காதில் சொன்னார். 'நல்லம்மா, மூணு மாசமா பாத்துக்கிட்டே இருக்கேன். உன் தங்கச்சி சாமி விளக்கு ஏத்துற நாள் ஒண்ணுகூடத் தப்பல. ஒரு நாளாச்சும், அத்தே நீங்க ஏத்துங்கன்னு சொல்லி ஒதுங்கணும்ல? கேட்டா வெக்கப்படும்னு நானும் கேக்கல லா' என்றார். சம்பந்தியம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். எங்களைப் பார்த்து யாரோ சாவு வீட்டுச் சேதி என்று நினைத்திருப்பார்கள்.

கல்யாணமாகி இரண்டு வருஷம், உனக்கும் முப்பத்து நாலு ஆகிறது, எனக்கு நேர்ந்தது உனக்கும் நேருமோ என்று நான் உள்ளுக்குள் பயந்தது அம்மனுக்குத்தான் தெரியும். உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், பயம் தீர்ந்தது.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் உனக்காகப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். கனமான சாமான் தூக்காதே. கிளினிக்கில் நின்றுகொண்டே வேலை செய்யாதே. உன் மாமா இப்போதே பெயர் யோசிக்கிறார், எல்லாம் பழைய காலத்துப் பெயர்.

உடனே பதில் போடு, தங்கம்.

உன் அக்கா

மாரியம்மன் துணை

காப்பார்,
22.10.1989

சந்திராவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே எப்படி என்றுதான் தெரியவில்லை. நான் எழுதி நாலு வாரம் ஆகிறது. நேற்று நாகையா கடையிலிருந்து கிளினிக்குக்குப் போன் போட்டேன். 'லெட்டர் போடுறேன்க்கா' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். குரலே சரியில்லை.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? ஏதாவது ஆகிவிட்டதா? தீபாவளிக்கு முறுக்கு சுட எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன், கை ஓடவில்லை. ஒரு வரி எழுதினாலும் போதும்.

நல்லம்மாள்

பிரிக்பீல்ட்ஸ்,
2.11.1989

அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. தீபாவளிக்கு வராததற்கு மன்னித்துக்கொள். உன் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்றுதான் வரவில்லை.

பிள்ளை இல்லை. இருந்ததும் இல்லை. எனக்கு நின்றுவிட்டது.

ஏப்ரலுக்குப் பிறகு ஒரு தடவை வந்தது, அவ்வளவுதான். அதற்கு முன்னாலேயே விட்டு விட்டுத்தான் வந்தது. அம்மாவைப் பற்றியும் உன்னைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்டது எனக்காகத்தான். ஆகஸ்டில் டாக்டரம்மா ரத்தம் எடுத்து இரண்டு தரம் பரிசோதித்தார். கதவைச் சாத்திவிட்டு, தன் யாழ்ப்பாணத் தமிழில், 'உங்கட அம்மாவுக்கும் அக்காவுக்கும் வந்ததுதான், பிள்ளை. உமக்கு இன்னும் கெதியா வந்திட்டுது' என்றார். குழந்தைக்கு வழி உண்டா என்று கேட்டேன். 'எங்கயோ ஒருத்திக்கு நடக்கும். அதை நம்பி இருக்காதையும்' என்றார். அவர் கண்ணும் கலங்கியது. நான் நர்ஸ், எத்தனையோ பேருக்கு இந்த மாதிரிச் சேதி சொல்லும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். எனக்குச் சொன்னபோது சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமியார் விளக்கைக் கணக்கு வைக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொய்க்காவது மாதம் நாலு நாள் ஒதுங்கி இருந்திருக்கலாம். உன்னிடம் சொல்லிவிட்டு வந்த அன்றே கண்ணாடி வளையல் வாங்கி வந்து கட்டில் மேல் வைத்தார். என் வீட்டுக்காரர் புளிப்பு மாங்காய் வாங்கி வந்தார். கேட்காமலே துணி துவைத்தார், குளிக்கும்போது பாட்டுப் பாடினார். நான் வாயைத் திறக்கவில்லை, அக்கா. அவர் அப்படிச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதை நானே கெடுக்க மனம் வரவில்லை. மூன்றாம் நாள், 'இல்லைங்க, கணக்குத் தப்பு' என்று மட்டும் சொன்னேன். 'பரவால்ல, அடுத்த மாசம் பாத்துக்கலாம்' என்றார். மாதாமாதம் காத்திருக்கிறார். இனி இல்லை என்று நான் சொல்லவில்லை.

டாக்டரம்மா எனக்கும் அதே மாத்திரைதான் கொடுத்தார். உனக்குச் சொன்னதெல்லாம் எனக்கும் சொன்னார், எலும்பு, இதயம், ஐம்பது வயது வரை போட வேண்டும் என்பது எல்லாம். கிளினிக் மேஜையிலேயே வைத்திருக்கிறேன். போடவில்லை. போட்டால் மாதம் தவறாமல் வரும். வீட்டில் எல்லாரும் எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைப்பார்கள். அது மருந்தின் வேலை என்று எனக்கு மட்டும் தெரியும். அந்தப் பொய் எனக்கு வேண்டாம். போடாமல் இருந்தால் என்றாவது தானாக வரும் என்று ஒரு நப்பாசை. மாத்திரையை விழுங்குகிற அன்று அதுவும் போய்விடும்.

பால்குடம் எடுக்காதே. உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

சந்திரா

மாரியம்மன் துணை

காப்பார்,
3.12.1989

என் தங்கத்துக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். வெறுங்கையோடு உனக்கு ஆறுதல் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு காரியத்தைச் செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

மார்ச் மாதத்துக்குப் பிறகு நான் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. நீ கண்டுபிடித்தாய், நான் மழுப்பினேன். வந்தால் கோயில் போய்விடும் என்று நான் போடவில்லை. வந்தால் பொய்யாக இருக்கும் என்று நீ போடவில்லை. ஒரே மாத்திரையை வைத்துக்கொண்டு அக்காளும் தங்கையும் நல்ல கூத்துத்தான் ஆடியிருக்கிறோம். நடுவில் நம் எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது. அம்மா தரையைப் பார்த்து நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். உன்னை அப்படிப் பார்க்க என்னால் முடியாது, சந்திரா. செத்தே போவேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் தம்புசாமியைப் போய்ப் பார்த்தேன். 'தலைவரே, நான் ஒடம்புக்கு மருந்து சாப்புடப் போறேன். இனிமே மாசாமாசம் ஒதுங்கணும். திருவிழாச் சமையல வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க' என்றேன். மனிதர் கூரையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். 'அதெல்லாம் ஏம்மா எங்கிட்ட... பொம்பளைங்களுக்குள்ள பேசிக்குங்க லா' என்றார். பிறகு மெதுவாக, 'மருந்த விட்டுட்டா என்னாம்மா?' என்றார். 'இடுப்பு ஒடஞ்சா நீங்களா வந்து தூக்குவீங்க?' என்று கேட்டேன்.

படையல் சமையல் பவுனம்மாளுக்குப் போய்விட்டது. பொய் சொல்ல மாட்டேன், வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து பானை சட்டியை எல்லாம் போட்டு உருட்டினேன். உன் மாமா வெளியே போய் லோரியில் உட்கார்ந்துகொண்டார்.

மாத்திரை போட ஆரம்பித்துவிட்டேன். பழைய டப்பா வேண்டாம் என்று உன் மாமா கிள்ளானுக்கே போய்ப் புதிது வாங்கி வந்தார். போன வாரம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கோயில் மணிச் சத்தம் கேட்டது, வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். உன்னைத் தனியாகப் போடச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் முதலில் நான் போட்டேன்.

மாப்பிள்ளையிடம் சொல். எனக்கு நின்றதென்று தெரிந்த அன்றே உன் மாமாவிடம் சொன்னேன். 'சோறு ஆறுது, சாப்புடு' என்றார். கல் நெஞ்சுக்காரன் என்று மனதுக்குள் திட்டினேன். கை கழுவப் போகும்போது பார்க்கிறேன், அவர் தட்டில் சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. ஆண்களுக்குச் சொல்லத் தெரியாது, தங்கம். ஆனால் நீ சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அழக்கூட வழியில்லை. அவருக்கும் சேர்த்துத்தானே இது போயிருக்கிறது.

உன்னை நான் பெறவில்லை. ஆனாலும் பிள்ளை இல்லாத வீடாக என் வீடு இருந்ததில்லை, நீ இருந்தாய். இதை எழுதாமல் விட மனமில்லை.

உன் அக்கா,
நல்லம்மாள்

பிரிக்பீல்ட்ஸ்,
7.1.1990

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

இந்த வருஷம் நம் எல்லாருக்கும் உடம்பு சுகத்தோடு இருக்கட்டும். நீ ஒழுங்காக மாத்திரை போடுகிறாயா? கால் வீங்கினாலோ மார்பு வலித்தாலோ உடனே டாக்டரம்மாவிடம் வந்துவிடு, தானாக நிறுத்தாதே.

அவரிடம் சொல்லிவிட்டேன். மாமியார் சுங்கை வேக்குத் திரும்பிப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னேன். அவர் கீழே இறங்கிப் போய் மோட்டார் சைக்கிளைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார், நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறிய பிறகு மேலே வந்தார்.

'எப்பத் தெரியும்?' என்று கேட்டார்.

'ஆகஸ்டுல.'

'இத்தனை மாசமா தனியாவா வச்சிக்கிட்டு இருந்த?' என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குத்தான் நான் உடைந்து அழுதேன். அவரும் அழுதார். நீ சொன்னது சரி, அக்கா.

தன் அம்மாவிடம் தானே சொல்வதாகச் சொல்லி அடுத்த வாரம் சுங்கை வேக்குத் தனியாகப் போனார். திரும்பி வந்ததும், 'அத்தே என்ன சொன்னாங்க?' என்று கேட்டேன். 'அழுதாங்க' என்றார். இன்னும் எங்களைப் பார்க்க மாமியார் வரவில்லை. வருவார் என்று நினைக்கிறேன்.

மாத்திரையை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். 'சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரே தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார். நான் விழுங்கும் வரை பக்கத்திலேயே நின்றார். நப்பாசை போய்விடும் என்று எழுதினேன் அல்லவா, போய்விட்டது. ரொம்ப வலித்தது. மறுநாள் வேலைக்குப் போனேன்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். நீ எனக்காக எதை விட்டாய் என்று அவருக்கும் தெரியட்டும் என்றுதான் காட்டினேன். கேட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் காப்பாருக்கு வர ஒரு நாள் குறிக்கச் சொன்னார். நீ ஒதுங்கி இருக்கிற நாளாகப் பார்த்துச் சொல், அக்கா. அம்மனுக்குச் சமைக்காத நாளில் எங்களுக்குச் சமைத்துப் போடு.

உன்,
சந்திரா